உட்கார இடமிருந்த தி.நகர்

தி.நகரில் இன்று கடைக்குப் பஞ்சமில்லை, உட்காரத்தான் இடமில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் கால் வைத்தால் போதும், கூட்டமே நம்மைக் கொண்டுபோய் உஸ்மான் ரோட்டில் விட்டுவிடும். பட்டுப்புடவை முதல் பால் குக்கர் வரை ஒரே கட்டடத்தில் வாங்கிவிடலாம். வாங்கிய பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசலாம் என்றால் ஒரு பெஞ்ச் கண்ணில் படாது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் மாம்பலத்தில் வளர்ந்தவன் நான். அன்றைக்கும் இது கடைகளின் ஊர்தான். ஆனால் கடை என்றால் போய் உட்காருகிற இடம். மளிகைக் கடையில் அரிசி மூட்டை மேல், தையற்கடையில் முக்காலி மேல், சலூனில் ‘தினத்தந்தி’ கிடக்கும் பெஞ்ச் மேல், ஹோட்டலில் மார்பிள் மேஜைக்கு முன்னால் ஆறிப்போன காபியோடு. காசு கொடுத்தவரும் உட்காரலாம், கொடுக்காதவரும் உட்காரலாம். மறைந்துபோன கடைகளைப் பற்றிப் பழைய மாம்பலத்துக்காரர்கள் பேச ஆரம்பித்தால், என்ன வாங்கினோம் என்பதைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். யாரோடு உட்கார்ந்திருந்தோம் என்றுதான் பேச்சு போகிறது. அவர்களில் ஒருவனாக எனக்கும் சொல்ல இருப்பது அதுதான்.

ஏரி இருந்த இடம்

இந்த ஊர் கடைத்தெருவாகப் பிறந்ததல்ல. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் கரையில் மாம்பலம் ஒரு கிராமமாக இருந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், நெரிசலான மதராஸிலிருந்து வெளியே வந்து மத்தியதரக் குடும்பங்கள் காற்றோட்டமாக வாழ ஒரு புறநகர் வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். ஏரி கொஞ்சம் கொஞ்சமாக மனைகளாயிற்று. 1925இல் காலமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு வந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு. உஸ்மான், ஜி.என்.செட்டி, பஸ்லுல்லா, தணிகாசலம், நடேசன் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் தெருப் பலகைகளில் ஏறினார்கள். பாண்டி பஜாரில் இருக்கும் பாண்டியும் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்தான். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரில் இருந்த போக் ரோடு, அங்கே வாழ்ந்த நடிகரின் பெயரில் செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆகிவிட்டது.

நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஏரியின் மிச்சம் முகவரிகளில் மட்டும் நிற்கிறது. ஏரியை வடித்து எழுந்த இந்தப் பகுதியில் வாழ்ந்த அசோகமித்திரன்தான், குடத்தோடு சென்னைப் பெண்கள் அலைந்த கோடையை ‘தண்ணீர்’ நாவலாக எழுதினார் என்பதை நினைத்தால் மனசு கனக்கும்.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் எட்டிப் பிடிக்கிற தூரமாயிற்று. ஜார்ஜ் டவுனில் வேலை, மாம்பலத்தில் வீடு என்று குடும்பங்கள் வந்து குவிந்தன. நல்லி சில்க்ஸ் 1928இலேயே இங்கே வந்துவிட்டது. 1939இல் நாயுடு ஹால். இவை இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஆனால் கடைகள் அன்று வீடுகளுக்காக இருந்தன. ரங்கநாதன் தெருவிலேயே திண்ணை வைத்த வீடுகள் வரிசையாக இருந்ததையும், வாசலில் கோலம் போட்டதையும் இன்றைய இளைஞரிடம் சொன்னால் நம்ப மாட்டார். ராஜாஜி பஸ்லுல்லா ரோட்டில் இருந்தார். காமராஜர் திருமலைப் பிள்ளை ரோட்டு வீட்டில் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2 அன்று அங்கேயே கண் மூடினார். எம்.ஜி.ஆரின் அலுவலகம் ஆற்காடு தெருவில். எல்லாம் நடந்து போகிற தூரம்.

கேட் போட்டாச்சு

காசில்லாமல் பொழுதுபோன முதல் இடம் ஒரு ரயில்வே கேட். அறுபதுகளில் கோடம்பாக்கம் மேம்பாலம் வருவதற்கு முன், அந்தப் பக்கம் வடபழனி ஸ்டூடியோக்களுக்குப் போக லெவல் கிராஸிங்கைத்தான் தாண்ட வேண்டும். ஏவி.எம்., வாஹினி, பரணி என்று எல்லாமே கேட்டுக்கு அந்தப்புறம். நடிகர்கள் பலரின் வீடுகள் இந்தப்புறம். ரயில் வரும்போது கேட் விழும், கார்கள் நிற்கும். அதற்காகவே சனம் காத்திருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் பாதி அந்தக் கேட்டில்தான் நடக்கும். கண்ணாடியை இறக்கிச் சிரித்தவர் யார், ஏற்றிக்கொண்டவர் யார், மேக்கப்போடு உட்கார்ந்திருந்தவர் யார் என்று பேர் பேராகச் சொல்வார்கள். பாலம் வந்தது, கார்கள் மேலே போய்விட்டன. போக்குவரத்துக்கு நல்லதுதான். நட்சத்திரமும் ரசிகரும் ரயிலுக்காக ஒரே வெயிலில் நின்ற அந்த ஐந்து நிமிடங்கள் மட்டும் திரும்பவே இல்லை.

வாய்ப்புத் தேடி வந்தவர்கள் தங்கியதும் தி.நகரில்தான். கவிஞர் வாலி, நாகேஷ், ஸ்ரீகாந்த் மூவரும் ஒன்றாகத் தங்கிப் பசியோடும் சிரிப்போடும் காலம் தள்ளிய ‘கிளப் ஹவுஸ்’ இங்கே இருந்தது. அப்படிப்பட்ட அறைகள் தெருவுக்கு நாலு. அந்த அறைகளில் தங்கியவர்களுக்கு மெஸ்ஸில் அக்கவுன்ட், டீக்கடையில் அக்கவுன்ட், வெற்றிலைபாக்குக் கடையில் அக்கவுன்ட். கடைக்காரர் நோட்டில் எழுதிவைத்த கடன், தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த முதல் மூலதனம் என்பேன். எந்தத் திரைப்பட வரலாற்றிலும் அந்த நோட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஜெமினி ஸ்டூடியோ போய் மேம்பாலத்தின் பேராக நிற்கிறது. 1973இல் திறந்த அந்தப் பாலத்துக்கு அண்ணா பெயர்; சனங்களுக்கு ஜெமினிதான். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்பட்ட விஜயா-வாஹினி வளாகத்தில் ஆஸ்பத்திரி வந்தது, 2013இல் மால் வந்தது. அந்த மாலில் படமும் ஓடுகிறது. படம் பிறந்த தளத்தில் படம் பார்க்கிறோம் என்று அங்கே பாப்கார்ன் வாங்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன் பை டூ

ஹோட்டல்களைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அன்றைய உடுப்பி ஹோட்டலுக்குள் நுழைந்ததும் முதலில் வருவது மணம். டிகாக்‌ஷன், நெய், சாம்பாரில் கொதிக்கிற சின்ன வெங்காயம், தரை துடைத்த ஈரம் எல்லாம் கலந்த மணம். சுவரில் சாமி படத்துக்குச் சாமந்திச் சரம், அதற்குக் கீழே கல்லாவில் முதலாளி. வட்டமோ சதுரமோ மார்பிள் மேஜை, முதுகு நேராக நிமிர்த்தும் மர நாற்காலி. சர்வர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். ஆறு பேர் சொன்ன பதினைந்து அயிட்டத்தையும் மனசில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். பில் மட்டும் கடைசியில் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வரும்.

மாணவர்களாக நாங்கள் போனபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே மெனு ஒன் பை டூ. ஒரு காபி, இரண்டு டம்ளர். சில நாள் கூட்டாளி கூடிவிட்டால் டூ பை த்ரீ. அதற்கும் முகம் சுளிக்காத சர்வர் ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். எங்களில் யாருக்காவது பரீட்சை என்றால் அவருக்குத் தேதி தெரியும். “என்ன தம்பி, கணக்கு எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். சரியாக எழுதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தால் சாம்பார் வடையில் சாம்பார் கூடுதலாக வரும். அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்கிறார்.

தி.நகர்க்காரர்கள் காபிக்காக எல்லை தாண்டிய இடம் ஒன்று உண்டு. கதீட்ரல் ரோட்டில் வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பியிலிருந்து வந்து, சமையற்கட்டில் அடிமட்ட வேலையில் தொடங்கி, ஹோட்டல் அதிபராக உயர்ந்த கே. கிருஷ்ணராவ் உருவாக்கியது. ராயப்பேட்டையில் 1938இல் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து அவர் ஹோட்டல் நடத்தினார். அந்த பங்களாவின் பெயர்தான் வுட்லண்ட்ஸ். டிரைவ்-இன் 1962இல் வந்தது. தோட்டக்கலைச் சங்கத்தின் பசுமைக்கு நடுவே, பெரிய மரங்களின் நிழலில் கார்கள் நிற்கும். கதவுக் கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். காருக்குள்ளேயே மசால் தோசை.

கார் இருந்தவர்களுக்கு அந்தத் தட்டு. கார் இல்லாதவர்களுக்கு உள்ளே கூரை போட்ட பெரிய கூடம். அந்தக் கூடம்தான் என் கணக்கில் அந்த ஹோட்டலின் இதயம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் காலையிலேயே பையோடு வந்து அன்றைய டாக்டர்களின் பட்டியலைப் போடுவார்கள். உதவி இயக்குநர்கள் ஒரு மூலையில் கதை விவாதம் செய்வார்கள். ஓய்வுபெற்றவர்கள் ‘ஹிந்து’வைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பகிர்ந்துகொள்வார்கள். சற்றுத் தள்ளி யாரோ பெண் பார்க்கும் படலத்தை நாசூக்காக நடத்திக்கொண்டிருப்பார்கள். போண்டா ஒன்று, காபி ஒன்று என்று மத்தியானம் வரை இருந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொன்னதில்லை. 2008இல் மூடினார்கள். 2010இல் அந்த நிலத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. மரங்கள் பிழைத்தன என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் மருந்துப் பிரதிநிதியும் உதவி இயக்குநரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த அந்தக் கூடத்துக்கு மாற்று இந்த நகரத்தில் இன்னும் வரவில்லை.

பீபரி முக்கால், பிளான்டேஷன் கால்

வீட்டில் என்னை அதிகம் அனுப்பிய இடம் காபிக்கொட்டை கடை. நாலு வீடு தள்ளிப் போகும்போதே வறுக்கிற புகை மூக்கில் ஏறும். உள்ளே கறுத்துப்போன இரும்பு உருளை சுழன்றுகொண்டிருக்கும். கொட்டை வெடிக்கிற சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே அண்ணாச்சி தீயைக் குறைப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலவை. எங்கள் வீட்டுக்குப் பீபரி முக்கால், பிளான்டேஷன் ஏ கால், சிக்கரி நூறுக்கு இருபது. எதிர்வீட்டில் சிக்கரி கூடவே கூடாது. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பையன் போய் நின்றால் போதும்.

அரைக்க நேரமாகும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்ச். வரிசையில் முன்னால் வந்தவர்கள் அதில் இருப்பார்கள். மாம்பலத்தின் கல்யாணங்கள், வாடகைத் தகராறுகள், எந்த ஸ்கூலில் இடம் இருக்கிறது, எந்த வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்ற செய்தியெல்லாம் அந்த இயந்திரச் சத்தத்துக்கு மேல் உரக்கப் பேசப்படும். ஒரு நாள் அண்ணாச்சி பொட்டலத்தைக் கட்டும்போது கேட்டார்: “அம்மா ஒரு வாரமா ஆள் அனுப்பலையே, ஊர்ல யாரும் இல்லையா?” பாட்டி இறந்துவிட்டார் என்றேன். கையிலிருந்த சணல் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவங்களுக்குத்தான் சிக்கரி இருபது. உங்க அம்மாவுக்குப் பத்து போதும்னு எனக்குத் தெரியும். இனிமே பத்து போடட்டுமா?” என்றார். வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா அழுதாள். இருபதே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

காகிதப் பொட்டலம் உள்ளங்கையில் சுடச்சுட இருக்கும். வீடு வரும்வரை கை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இன்னும் அரைத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. பெஞ்ச் உள்ள கடையை நான் பார்க்கவில்லை.

டைப்பும் டேப்பும்

பத்தாவது முடித்தால் டைப்ரைட்டிங் என்பது மாம்பலத்து விதி. மாடிப்படி ஏறும்போதே இருபது ரெமிங்டன்கள் ஒன்றாகத் தட்டுகிற ஓசை கேட்கும். ஒரு மணி நேர வகுப்பு. அதற்கு முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி கீழே சைக்கிளில் சாய்ந்தபடி நிற்பது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்ற சான்றிதழ்கள் எத்தனையோ பெண்களுக்கு முதல் சம்பளத்தை வாங்கித் தந்தன. வீட்டில் வேறெதற்கும் வெளியே விடாத அப்பாக்கள் டைப்புக்கு மட்டும் விட்டார்கள். அதற்காகவே அந்த மாடிகளுக்கு நான் நன்றி சொல்வேன். கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்து அவற்றை விழுங்கின, பிறகு அந்த சென்டர்களும் போயின.

அடுத்தது ரெக்கார்டிங் சென்டர். இன்று கைபேசியில் ஒரு தொடலில் பாட்டு வருகிறவர்களுக்கு இதை விளக்கத்தான் வேண்டும். கடைச் சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். இளையராஜாவின் படங்களை வெளியிட்ட எக்கோ நிறுவனத்தின் தட்டுகள் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கும். நாம் வெற்று கேஸட் ஒன்று வாங்க வேண்டும். அறுபது நிமிடமா, தொண்ணூறா? கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதித் தர வேண்டும். ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார். அறுபது நிமிட கேஸட்டைப் பதிய அறுபது நிமிடம் ஆகுமே! முள்ளைத் தட்டில் வைத்து, பாட்டு முடியும்வரை காத்திருந்து, அடுத்த தட்டை மாற்றித்தான் செய்ய வேண்டும்.

எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு நாம் எழுதித் தந்த பட்டியல் ஒரு யோசனை மாதிரிதான். வரிசையை அவர் மாற்றுவார். சோகப் பாட்டுக்குப் பின்னால் உடனே இன்னொரு சோகம் வைக்க மாட்டார். ஏ பக்கம் முடிய இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் வெறும் நாடாவாக விடமாட்டார். ஏதாவது படத்தின் தீம் இசையை அந்த இடத்தில் சரியாக வெட்டி வைப்பார். உறையில் பச்சை மையில் பாட்டுப் பெயர், சிவப்பில் பாடியவர். இந்தக் கேஸட்டுகள் பதிப்புரிமைச் சட்டத்தை மீறியவை என்பதை இன்று அறிவோம். அன்று மாம்பலத்தில் ஒரு தலைமுறையின் இசை ரசனையை வளர்த்தது அவருடைய காது. கேஸட் வாங்கப் போனவர்கள் அவர் எதைப் பதிந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டபடி படியிலேயே உட்கார்ந்துவிடுவோம். யாரோ ஒருவருடைய பட்டியல், எங்கள் எல்லோருடைய சாயங்காலமாகிவிடும்.

வாடகை நூலகங்களைப் பற்றி விரிவாக எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்த புத்தகங்கள்தான் அவற்றின் சொத்து. பக்க ஓரத்தில் முன்பு படித்த யாரோ எழுதிய விமர்சனமும் கூடவே வரும்.

பெயர் மட்டும் நிற்கும் நிறுத்தங்கள்

“லிபர்ட்டி எறங்கு!” என்று கண்டக்டர் இன்னமும் குரல் கொடுப்பார். லிபர்ட்டி தியேட்டர் இடிந்து எத்தனையோ காலமாயிற்று. பாண்டி பஜாரில் ராஜகுமாரி இருந்தது. மேற்கு மாம்பலத்தில் சீனிவாசா. நகைச்சுவை நடிகர் நாகேஷ் தன் பெயரிலேயே தி.நகரில் ஒரு தியேட்டர் கட்டினார். வாய்ப்புக்காக அலைந்த அதே ஊரில் தன் பெயரை விளக்கில் பார்த்தார். அது பின்னால் கல்யாண மண்டபமானது. வடபழனியில் ஏவி.எம். ராஜேஸ்வரி 1979இல் தொடங்கி, குறைந்த கட்டணத்தில் நல்ல சத்தத்தோடு படம் காட்டியது. கொரோனா காலத்தில் நின்றது, திரும்பத் திறக்கவில்லை.

தியேட்டர் என்பது படம் ஓடும் மூன்று மணி நேரம் மட்டுமல்ல. டிக்கெட் கவுன்டர் முன் கம்பிக் கூண்டுக்குள் வரிசை நிற்பது, ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை விழுந்தபின் வாசலிலேயே நின்று அடுத்த காட்சிக்குத் திட்டமிடுவது, இடைவேளையில் சோடா பாட்டிலைத் திறப்பான் கொண்டு சரசரவென்று உரசிக்கொண்டே பையன் வருவது, எல்லாம் சேர்ந்ததுதான். சென்னையில் 1975இல் தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலைப் படம் தியேட்டரின் ஒரு காட்சியைத் தின்றது. 1993இல் தனியார் தமிழ் சேனல் வந்தபோது மிச்சமும் போயிற்று. ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிடைக்கிற வாடகை, ஒரு வாரம் படம் ஓட்டினாலும் வராத நிலையில் உரிமையாளர்கள் வேறென்ன செய்வார்கள்?

எல்லோரும் உட்கார்ந்தார்களா?

ஏக்கத்தோடு பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சொன்ன பெஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்களின் பெஞ்சுகள். டீக்கடையிலும் சலூனிலும் என் அக்காவுக்கு இடமில்லை. ஹோட்டலில் ‘ஃபேமிலி ரூம்’ என்று திரை தொங்கவிட்ட சின்ன அறைக்குள்தான் பெண்கள் சாப்பிட்டார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் ஹோட்டல் பெயர்ப் பலகையிலேயே ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்தது. திருவல்லிக்கேணியில் முரளீஸ் கஃபே வாசலில் 1957இல் பெரியார் இயக்கம் மறியல் நடத்திய பிறகே இந்த நகரத்தில் அந்தப் பலகைகள் இறங்கத் தொடங்கின. அந்த மறியலும் சென்னை ஹோட்டல் வரலாறுதான்.

பெண்களுக்கு வேறு இடங்கள் இருந்தன. பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகள் அவர்களுடைய ராஜ்ஜியம். ஊக்கு, ரிப்பன், கண்ணாடி வளையல், ஜாக்கெட் துணி, குடை ரிப்பேர் எல்லாம் அங்கே. விலையைப் பாதியாகக் கேட்டு, நகர்ந்து, திரும்பக் கூப்பிடப்பட்டு, சிரித்து வாங்குகிற அந்தப் பேரத்துக்கு அம்மாவும் பக்கத்துவீட்டு அத்தையும் சாயங்காலம் முழுவதையும் ஒதுக்குவார்கள். வியாபாரியின் மனைவி வைத்திருக்கும் சின்ன ஸ்டூலில் அம்மா உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட் துணியின் நிறத்தைப் புடவையோடு வைத்துப் பார்க்கத் தெருவிளக்கின் கீழே இரண்டு பேரும் நிற்பார்கள். 2013இல் அந்தக் கடைகளை நடைபாதையிலிருந்து அகற்றி மாநகராட்சி கட்டிய வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். நடக்கிறவர்களுக்கு வழி கிடைத்தது உண்மை. மாடி ஏறி ஊக்கு வாங்க எத்தனை பேர் போவார்கள் என்பது வியாபாரிகளின் வயிற்றுப் பிரச்சினை. வழியையும் வியாபாரத்தையும் ஒரே தெருவில் வைத்துக் காப்பாற்ற நம் திட்டக்காரர்கள் மனம் வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஏன் போயின?

பொதுவாக, ‘காலம் மாறிவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காலத்தை யாரும் இடிக்கவில்லை, சுவரைத்தான் இடித்தார்கள். குடியிருப்பு மனையில் கடை வந்தால் வாடகை பல மடங்கு. தாத்தா கட்டிய வீடு நாலு பிள்ளைகளுக்குப் பிரியும்போது விற்பதைத் தவிர வழியில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு வந்த பிறகு, மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் கணக்கு வந்துவிட்டது. ஒரு மேஜையில் மணிக்கு எத்தனை முறை ஆள் மாறுகிறது என்று பார்க்கிற ஹோட்டலில் ஒன் பை டூவுக்கு இடமேது? அதனால்தான் நின்று சாப்பிடும் கடைகள் பெருகின. ரங்கநாதன் தெருவில் சின்னப் பாத்திரக் கடைகளாகத் தொடங்கியவர்கள் உழைப்பால் மாடி மாடியாக உயர்ந்தார்கள். தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் குடும்பம் ஒரே நாளில் கல்யாணச் சாமான் முழுவதையும் நியாயமான விலையில் வாங்கிப் போக அவர்கள்தான் வழி செய்தார்கள். அந்தக் குடும்பத்தின் நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துப் பாட்டி கடை வாசல் படியில் கால் வலியோடு சாய, காவலாளி எழுப்பிவிடுவதையும் நான்தான் பார்க்கிறேன். 2017இல் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் கட்டடம் மணிக்கணக்கில் எரிந்தபோது, வீடுகளுக்காக நூறாண்டுக்கு முன்பு போட்ட தெருக்களின் மீது எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்தது.

2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, வழிநெடுக இருக்கைகள் போட்டார்கள். அதைப் பற்றி ஆயிரம் குறை சொன்னார்கள்; கார் நிறுத்த இடமில்லை என்றார்கள், கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். நான் சாயங்காலங்களில் போய்ப் பார்க்கிறேன். அந்த இருக்கைகள் காலியாக இருப்பதில்லை. ஐஸ்க்ரீமோடு கல்லூரிப் பெண்கள் இரவு எட்டு மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். என் அக்காவுக்கு அந்த வயதில் கிடைக்காத ஒன்று. மருமகள் கடைக்குள் இருக்க, மாமியார் பேரனோடு வெளியே காத்திருக்கிறார். இடம் கொடுத்தால் மாம்பலம் இன்றும் உட்காரத்தான் செய்கிறது. 2023இல் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைமேடையும் வந்தது. நடக்க வசதி. நடந்து களைத்தவர்களுக்கு அடுத்த வசதியை யோசிக்க வேண்டும்.

இப்போது பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ ரயில் வேலைக்குப் போயிருக்கிறது. நடேசன் பூங்காவில் அமர்ந்து அசோகமித்திரன் எழுதினார். பனகல் பூங்காவில் ஆயிரம் பேர் வேலை தேடியும் காதலித்தும் செய்தித்தாள் படித்தும் பொழுதைக் கழித்தார்கள். நிலையம் திறந்த பிறகு அந்த இடம் ஊருக்குத் திரும்பும்போது மரங்களோடு பெஞ்சுகளும் திரும்ப வேண்டும். முதுகு சாய்க்கிற பெஞ்சுகள், நிழலில், நுழைவுக் கட்டணமில்லாமல், இரவு வரை திறந்திருக்கும்படி. மாநகராட்சிக் கூட்டத்தில் இதைக் கேட்க மாம்பலத்துக்காரர்கள் யாராவது எழுந்து நின்றால், பின்னாலேயே நானும் எழுந்து நிற்பேன்.